கூரை ஒன்று, குடும்பம் பல



போடிநாயக்கனூரிலும் மேலே ஏலத்தோட்டப் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களில் இப்பொழுது ஒரு புதிய பேச்சு அடிக்கடி எழுகின்றது. முன்னாளில் மகன் தலையெடுத்ததும் நிலம் வாங்குவான், கிணறு வெட்டுவான், பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து மச்சு வீடு கட்டுவான். இன்றோ மகனும் மகளும் பணி நிமித்தம் மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் சென்று விடுகின்றனர். 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அகல இரயில் பாதை போடியை எட்டியபின் சென்னை ஓர் இரவுப் பயணமாகிவிட்டது. அவ்வாறு சென்ற பிள்ளைகள், "அப்பா, அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம், வாங்கலாமா?" என்று கேட்கின்றனர். நிலத்தையே சொத்தென்று அறிந்த பெற்றோர், தரையும் தமதல்லாத, கூரையும் தமதல்லாத வீட்டை எப்படி வாங்குவது என்று திகைக்கின்றனர்.

அவர்களுடைய திகைப்பு நியாயமானதே. தனி வீட்டில் சுவரும் கூரையும் வாசலும் நம்முடையவை. ஒழுகினால் நாமே ஏறி ஓடு மாற்றுவோம். அடுக்குமாடியிலோ கதவுக்கு உள்ளே இருப்பது மட்டுமே நமக்குரியது. படிக்கட்டு, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவை எல்லார்க்கும் பொது. அந்தப் பொதுவைப் பேணுவது யார் என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் அக்கட்டடம் நிலைக்கும். இதனை ஏறத்தாழ நூறாண்டு அனுபவத்தால் நமக்கு உணர்த்தும் ஓரிடம் உண்டு. அது மும்பை மாநகரின் மாதுங்கா. பம்பாய் என்று வழங்கிய காலத்தில் அந்நகரின் புறநகராக அது வளர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் பெருந்திரளாகச் சென்று குடியேறிய இடமும் அதுவே. அங்கும் அடுத்துள்ள தாதரிலும் 1930களிலும் 1940களிலும் எழுந்த மாடிக் கட்டடங்கள் ‘ஆர்ட் டெக்கோ’ என்னும் பாணியைச் சேர்ந்தவை. பெயர் பலவாயினும் அவற்றின் வாழ்க்கை வரலாறு ஏறக்குறைய ஒன்றே. அதனை இம்மாதம் காண்போம்.

கொள்ளை நோய் தந்த புறநகர்

1896 ஆம் ஆண்டு செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி என்னும் நெருக்கமான பகுதியில், மக்கள் கடுங்காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டு மாண்டனர். நோயாளிகளை நேரில் சென்று பார்த்த மருத்துவர் அக்காசியோ கபிரியேல் வியேகாஸ், அது பிளேக் என்னும் கொள்ளை நோயே என்று துணிந்து கூறினார். இவர் கோவாவில் பிறந்த கத்தோலிக்கர். பின்னாளில் பம்பாய் மாநகராட்சியின் தலைவராகவும் விளங்கினார். மெட்ரோ திரையரங்கின் எதிரே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 1938 இல் திறக்கப்பட்ட அத்திரையரங்கும் நாம் பேசவிருக்கும் அதே பாணியில் அமைந்ததே.

நோய் பரவியதும் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு ஓடினர். ஆலைகளும் வாணிகமும் நிலைகுலைந்தன. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே இந்நோயைப் பரப்புகின்றது என்பது அப்பொழுது தெளிவாகவில்லை. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளே நோயின் பிறப்பிடம் என்று அரசினர் எண்ணினர். ஆகவே 1898 இல் சட்டத்தின் வாயிலாக ‘பம்பாய் நகர் மேம்பாட்டு டிரஸ்ட்’ என்ற அமைப்பு நிறுவப்பெற்றது. நெருக்கமான தெருக்களை இடித்துக் கடற்காற்று புகும்படி அகன்ற சாலைகள் அமைப்பதும், நகருக்கு வடக்கே புதிய குடியிருப்புகளை உண்டாக்குவதும் அதற்கு இடப்பட்ட பணிகளாம். இடிக்கும் பணி விரைவாக நடந்தது. இடிபட்ட ஏழைகளுக்கு மாற்று வீடு தரும் பணி அவ்வளவு விரைவாக நடக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வயலும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாதுங்கா, வடாலா, சயான் நிலங்களை டிரஸ்ட் கையகப்படுத்திற்று. மேடாக்கி, சாலையும் சாக்கடையும் முதலில் அமைத்து, மனைகளை நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. மனை முழுவதையும் அடைத்துக் கட்டலாகாது. இரு கட்டடங்களுக்கு நடுவே காற்றோட இடம் விட வேண்டும். மாடிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. டிரஸ்டில் பொறியாளராகப் பணியாற்றிய மான்செர்ஜி எதுல்ஜி ஜோஷி என்னும் பார்சிப் பெருமகன், தம் சமூகத்து நடுத்தரக் குடும்பங்களுக்கென்று தாதரில் 103 மனைகளை ஒதுக்குமாறு வாதாடிப் பெற்றார். அதுவே தாதர் பார்சி காலனி. தெருதோறும் நிழல் மரங்களை நடுவித்தவரும் அவரே. அங்குள்ள ‘ஐந்து தோட்டங்கள்’ என்னும் பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தமிழர் சென்றதும் வாழ்ந்ததும்

1925 ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவின் முதல் மின்சார இரயில், விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. கோட்டைப் பகுதியில் அலுவல். வடக்கே வீடு என்னும் வாழ்க்கை அதனால் எளிதாயிற்று. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வியும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்ற தென்னாட்டு இளைஞர்கள் பலர், பம்பாயின் வங்கிகளிலும் கம்பெனிகளிலும் இரயில்வே அலுவலகங்களிலும் எழுத்தராக அமர்ந்தனர். முதலில் தனியாகச் சென்றவர் பின்னர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டனர். அவர்களை மாதுங்கா ஈர்த்தது. 1932 இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கே தோன்றிற்று. 1941 இல் சலேசிய குருக்களின் தொன் போஸ்கோ பள்ளி மாதுங்காவில் நிலைபெற்றது. 1942 இல் இரயில் நிலையத்தருகே ராமநாயக்கின் உடுப்பி உணவு விடுதி திறக்கப்பட்டது. 1952 இல் சண்முகானந்த சபை பிறந்தது. பள்ளியும் சோறும் பாட்டும் கிடைத்த ஊரில் குடும்பம் வேர் பிடிப்பது இயல்புதானே!

இங்கு வருவதற்குமுன் அவர்களுள் பலர் வாழ்ந்தது ‘சால்’ என்னும் வரிசை வீடுகளில். நீண்ட தாழ்வாரம், அதனை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓர் அறை வீடுகள், கோடியில் எல்லார்க்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும். தோட்டத்து லயன் வீடுகளைக் கண்டிருக்கும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. மாதுங்காவின் புதிய கட்டடங்களிலோ, ஒரு கதவைத் திறந்தால் கூடம், படுக்கையறை, அடுக்களை, குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருந்தன. கழிப்பறையை வீட்டுக்குள் வைப்பதா என்று அக்காலப் பெரியவர்கள் முகம் சுளித்தனர். ஆனால் இரவில் வாளியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குச் சென்ற பெண்களைக் கேட்டிருந்தால், அவர்கள் வேறு விடை சொல்லியிருப்பர். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் கதவை அடைத்துக்கொண்டு தனித்துப் பேசும் உரிமை, அந்தச் சிறிய வீட்டில்தான் பலருக்கு முதன்முதல் கிட்டியது.

நிற்க. இவ்வரலாற்றில் மறைக்கலாகாத ஒன்று உண்டு. அந்நாளைய பம்பாய் மாடிக் கட்டடங்கள் பலவற்றில் முன்புறம் அழகிய படிக்கட்டு இருக்கும். பின்புறம் குறுகிய இரும்புச் சுழற்படி ஒன்று இருக்கும். கழிப்பறையைத் துப்புரவு செய்பவர் முன்படியில் கால் வைக்கலாகாது என்பதற்காகவே அப்பின்படி அமைக்கப்பட்டது. நாகரிகத்தின் புதுமைகள் அனைத்தையும் ஏற்ற கட்டடம், தீண்டாமையையும் திட்டத்தோடு சேர்த்தே வரைந்துகொண்டது. இன்னொன்றும் உண்டு. மாதுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தாராவி இருக்கின்றது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்ற தமிழர்கள் அங்கே தகரமும் சாக்கும் கொண்டு குடில் அமைத்தனர். எழுத்தரும் தொழிலாளியும் பேசியது ஒரே தமிழ்; அவர்கள் பெற்ற கூரைகளோ முற்றிலும் வேறு.

கப்பலைப் போன்ற வீடுகள்

‘ஆர்ட் டெக்கோ’ என்பது அலங்காரக் கலைகளைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். 1925 இல் பாரிஸ் மாநகரில் நிகழ்ந்த நவீன அலங்கார, தொழிற்கலைப் பொருட்காட்சியை ஒட்டி எழுந்த பாணி இது. ஆயினும் அப்பெயர் உலகெங்கும் நிலைத்தது 1960களில்தான். வீட்டைக் கட்டிய காலத்தில் பம்பாய்வாசிகள் இதனைப் புதுப்பாணி என்றே வழங்கினர். அதற்கு முந்திய அரசாங்கக் கட்டடங்களில் கூர்மாடங்களும் கல்லில் செதுக்கிய உருவங்களும் மலிந்திருந்தன. புதுப்பாணியோ விரைந்து செல்லும் கப்பலையும் இரயிலையும் விமானத்தையும் கண்டு மயங்கிய தலைமுறையின் பாணி. ஆகவே மூலைகள் வளைந்தன; மாடி முகப்புகள் கப்பலின் மேல்தளத்தைப் போல் நீண்டன; கைப்பிடிக் கம்பிகள் கப்பற் கம்பிகளைப் போல் கிடைகிடையாக ஓடின; வட்டமான சிறு சன்னல்களும் அங்கங்கே தோன்றின.

இவ்வழகில் பயனும் இருந்தது. சன்னல்களுக்கு மேல் புருவம்போல் நீளும் கான்கிரீட் பட்டைகள் உச்சி வெயிலைத் தடுத்தன. தென்மேற்குப் பருவ மழையின் சாரலையும் ஓரளவு விலக்கின. வளைந்த மூலையில் அமைந்த பால்கனி இரு திசைக் காற்றையும் வாங்கிற்று. படிக்கட்டுக் கூடத்தின் முன்சுவரில் அடிமுதல் முடிவரை கண்ணாடி பதித்ததால் பகலில் விளக்கு வேண்டியதில்லை. தரையில் வண்ண மொசைக். கதவுகளிலும் கிராதிகளிலும் எழுஞாயிறு, அலை, தாமரை, நீரூற்று ஆகிய கோலங்கள். முகப்பில் கட்டடத்தின் பெயர் சாந்தில் புடைத்த எழுத்துகளில். தமிழகத்துப் பழைய கடைத்தெருக்களில் படிப்படியாக உயரும் முகப்பும் நடுவில் கட்டிய ஆண்டும் கொண்ட கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பல இப்பாணியின் தூரத்து உறவினரே.

இக்கட்டடங்களை வரைந்தவர்களுள் பெரும்பாலோர் இந்தியர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்ற இளைஞர்கள் தாமே அலுவலகம் தொடங்கி மேனாட்டுப் புதுமையை நம் நாட்டு வாழ்க்கைக்கு ஏற்ப வளைத்தனர். கஜானன் பாபுராவ் மாத்ரே (1902 – 1973) அவர்களுள் பெரும்பெயர் பெற்றவர். தென்பம்பாயில் ஓவல் திடலுக்கு எதிரே நிற்கும் ‘எம்ப்ரெஸ் கோர்ட்’, மெரீன் டிரைவில் உள்ள ‘சூனா மகால்’ ஆகியவை அவர் கைவண்ணம். தென்பகுதியில் செல்வர்களுக்கென்று எழுந்த இவ்வழகு, சிறிய அளவில், மலிவான பொருளில், மாதுங்காவின் எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் எட்டிற்று.

அதனை எட்டச் செய்தது கான்கிரீட். சிமெண்டு, மணல், சல்லி, இரும்புக் கம்பி ஆகிய நான்கும் சேர்ந்த அப்பொருள், கல்தச்சரின் நெடுநாள் உழைப்பை வேண்டவில்லை. 1914 இல் போர்பந்தரில் சிமெண்டு உற்பத்தி தொடங்கியபின் உள்நாட்டுச் சிமெண்டு பெருகியது. 1936 இல் பல கம்பெனிகள் இணைந்து ஏ.சி.சி. எனப்படும் அசோசியேட்டட் சிமெண்ட் கம்பெனி உருவாயிற்று. பலகை அடைத்து, கம்பி கட்டி, கலவையை ஊற்றினால், விரும்பிய வளைவு கிடைக்கும். இக்கட்டடங்கள் என்றும் அழியா என்று அன்று பலர் நம்பினர்.

வாடகைச் சீட்டும் ஒழுகும் கூரையும்

இங்கு ஒரு செய்தியைக் கருத்தில் இருத்துக. அக்கட்டடங்களில் குடியிருந்தோர் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்களே. கட்டியவர் வேறொருவர். வாணிகத்தில் சிறிது பொருள் சேர்த்தவர், மனை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று மாடிக் கட்டடம் எழுப்பி, ஒரு பகுதியில் தாம் இருந்து, மற்றவற்றை வாடகைக்கு விடுவார். முதுமையில் அவருக்கும் அவருடைய மனைவிக்கும் அவ்வாடகையே ஓய்வூதியம். வாடகையில் ஒரு பகுதி வண்ணம் பூசவும் குழாய் மாற்றவும் செலவாகும். இவ்வேற்பாடு சில ஆண்டுகள் செம்மையாக நடந்தது.

பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. நகரில் மக்கள் பெருகினர். சிமெண்டும் இரும்பும் போருக்குச் சென்றன. வீடு கிடைப்பது அரிதாயிற்று. வாடகை கண்டபடி ஏறாமல் தடுக்கச் சட்டம் வந்தது. 1947 ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1 ஆம் நாளன்று இருந்த வாடகையையே அளவுகோலாக வைத்தது. பிரிவினையால் அகதிகள் வந்து குவிந்த காலத்தில் அது ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் பெருங்கேடயமாய் அமைந்தது. அச்சட்டம் இல்லையேல், தந்தையை இழந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும்.

ஆனால் சில ஆண்டுகளுக்கென்று வந்த அக்கட்டுப்பாடு, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பெற்றுத் தலைமுறைகளைக் கடந்து நின்றது. அரிசி விலையும் கொத்தனார் கூலியும் பன்மடங்கு உயர்ந்தன. வாடகை மட்டும் 1940 இலேயே உறைந்து கிடந்தது. ஒரு மாதத்து வாடகை முழுவதும் சேர்ந்தாலும் மொட்டை மாடியின் ஒரு விரிசலை அடைக்கப் போதாத நிலை வந்தது. உரிமையாளர், "வருவாயே இல்லாத வீட்டுக்கு நான் ஏன் செலவிட வேண்டும்?" என்றார். குடியிருந்தோர், "பிறர் வீட்டுக்கு நான் ஏன் செலவிட வேண்டும்?" என்றனர். இருவர் வாதத்திலும் நியாயம் உண்டு. இருவரும் பேசிக்கொண்டிருந்த வேளையில் மழை பெய்துகொண்டேயிருந்தது.

கான்கிரீட்டின் இயல்பை இங்கு அறிந்துகொள்வது நலம். அதனுள் இருக்கும் இரும்புக் கம்பிக்குச் சிமெண்டு ஒரு காப்பு. நுண்ணிய விரிசல் வழியே நீரும், கடற்காற்றில் உள்ள உப்பும் உட்புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பிளவு வழியே மேலும் நீர் புகும். தொடக்கத்தில் ஒரு கைப்பிடிச் சாந்தால் அடைக்கத்தக்க விரிசல், இருபது ஆண்டுகளுக்குப் பின் பால்கனியையே கீழே தள்ளிவிடும். அழகுக்காக நீட்டிய அப்புருவப் பட்டைகளும் வளைந்த பால்கனிகளுமே முதலில் நோய்வாய்ப்பட்டன.

கட்டடங்கள் இடிந்து உயிர்கள் மாளவே, 1969 இல் மகாராஷ்டிர அரசு பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியம் ஒன்றை நிறுவியது. வாடகைக் கட்டடங்களின்மேல் ஒரு தனி வரி விதித்து அப்பணத்தால் அரசே செப்பனிடும் ஏற்பாடு அது. அன்று அவ்வரிக்கு உட்பட்ட கட்டடங்கள் 19,642. அவற்றுள் 1940 செப்டம்பருக்கு முன் எழுந்தவை மட்டும் 16,502. இத்தனைக்கும் ஒரு வாரியம் எவ்வாறு ஈடுகொடுக்கும்? முட்டுக்கால் கொடுத்து நிறுத்துவதே பலவிடத்தில் செப்பனிடுதல் என்றாயிற்று. 1997 இல் உச்சநீதிமன்றம், வாடகையை இவ்வாறு உறையவைப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று கூறிற்று. 1999 ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 4 விழுக்காடு வாடகையை உயர்த்த இடமளித்தது. ஆனால் அறுபது ஆண்டுப் பழைய வாடகையில் 4 விழுக்காடு என்பது எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

2018 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம், தென்மும்பையில் ஓவல் திடலையும் மெரீன் டிரைவையும் ஒட்டிய 94 கட்டடங்களை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அவற்றுள் ஆர்ட் டெக்கோ மாளிகைகள் பல உள்ளன. மாதுங்காவின் எளிய உடன்பிறப்புகளுக்கு அப்பேறு கிட்டவில்லை. அங்கே ஒவ்வொன்றாக இடித்து, அவ்விடத்தில் வானளாவும் கோபுரங்களை எழுப்பி வருகின்றனர். பழைய குடியிருப்பாளருக்குப் புதிய கட்டடத்தில் ஒரு வீடு. மிகுதியை விற்று ஒப்பந்தக்காரருக்கு இலாபம் என்பது ஏற்பாடு. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு ஏறி இறங்கும் முதியோருக்கு இது விடுதலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பணி பாதியில் நின்று, வெளியே வாடகைக்குப் போனவர் தம் வாசலுக்குத் திரும்பாமலே கண்மூடிய துயரமும் மும்பையில் நிகழ்ந்துள்ளது.

இதே வயதும் இதே பாணியும் கொண்ட இன்னொரு குடியிருப்பு, நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் இருக்கின்றது. அங்கும் பம்பாயைப் போலவே மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்று 1927 இல் அமைந்தது. அது தியோங் பாருவில் கட்டிய வளைந்த பால்கனி வீடுகளில் 1936 டிசம்பரில் குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. போருக்கு முந்திய அக்கட்டடங்களுள் 20 தொகுதிகளை 2003 இல் அந்நாட்டரசு பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. இன்றும் அவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. அதே கான்கிரீட், அங்கும் ஓயாத மழை, கடற்காற்று. எனவே பொருள்மேல் குறையில்லை.

நமக்கு வேண்டிய பாடம்

மாதுங்காவின் கட்டடங்களைக் கெடுத்தது யார்? பேராசை பிடித்த உரிமையாளர் என்று சிலரும், நன்றியற்ற வாடகையாளர் என்று சிலரும், சட்டம் என்று சிலரும் கூறுவர். உற்று நோக்கின், எல்லார்க்கும் பொதுவான ஒன்றை எவரும் தம்முடையதாகக் கருதாமையே காரணம் எனலாம். அதே தெருவில், குடியிருப்போர் கூடிப் பேசி, உரிமையாளரிடம் வாக்குவாதம் செய்யாமல், ஆளுக்கொரு தொகை போட்டு ஆண்டுதோறும் மொட்டை மாடியைச் செப்பனிட்ட கட்டடங்கள் மொசைக்கும் கிராதியும் குன்றாமல் நிற்கின்றன. வாடகைக்கு இருந்தும் தம் வீடென எண்ணினர். அவ்வெண்ணமே கூரையைத் தாங்கிற்று.

வாடகை முறை தளர்ந்தபின் சொந்த வீட்டு முறை வளர்ந்தது. 1915 இலேயே பம்பாய் காம்தேவியில் சாரஸ்வதர் கூட்டுறவு வீட்டுச் சங்கம் கண்டு வழிகாட்டினர். இப்பொழுது மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரி விதிகள் ஒரு நல்ல கணக்கைக் கற்பிக்கின்றன. ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காடு எதிர்காலப் பெரும் பழுதுக்கும், 0.75 விழுக்காடு அவ்வப்போதைய பழுதுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அது. கட்டுமானச் செலவு 10 இலட்சம் ரூபாயானால் ஆண்டுக்கு 2,500 ரூபாயும் 7,500 ரூபாயும் ஆகும். மாதத்துக்குச் சுமார் 830 ரூபாய். ஒரு குடும்பத்துக்குத் தாங்கக்கூடிய தொகையே. ஒதுக்காமல் விட்டால் பிற்காலத்தில் ஒரே நாளில் இலட்சக்கணக்கில் கேட்கும். அன்று ஓய்வு பெற்றவரும் கைம்பெண்ணும் எங்கே போவர்?

தமிழ்நாட்டிலும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2022 ஆம் ஆண்டில் அடுக்குமாடி உரிமைச் சட்டம் இயற்றப்பெற்று, 2024 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமையாளர்கள் சங்கம் அமைத்துப் பொதுவிடங்களைப் பேணவும், மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை மறுபடி கட்டவும் அது வழி செய்கின்றது. ஆகவே பிள்ளைகள் வீடு பார்க்கும்பொழுது பெற்றோராகிய நீங்கள் சில கேள்விகளைக் கேளுங்கள். கட்டடம் நிற்கும் நிலத்தில் நம் பங்கு எவ்வளவு? அது பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளதா? சங்கம் பதிவு செய்யப்பட்டதா? அதன் கணக்கை ஆண்டுதோறும் எல்லார்க்கும் காட்டுகின்றனரா? பழுது நிதி கையில் எவ்வளவு இருக்கின்றது? கூடத்துப் பளிங்குத் தரையைப் பார்க்குமுன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். முன்வாசல் விளக்கைப் பார்க்குமுன் பின்புறக் குழாய்களைப் பாருங்கள். கூடுமாயின் மழைநாளில் சென்று பாருங்கள். மழையின் முன் எந்தச் சுவரும் பொய் சொல்லாது.

கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. அக்கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவர் எந்தப் படி வழியே ஏறுகின்றார்? அவருக்கும் காவற்காரருக்கும் உட்கார ஓரிடமும், குடிக்கத் தண்ணீரும், ஒரு கழிப்பறையும் உண்டா? இரும்புச் சுழற்படிகள் மறைந்து வரலாம். வேலையாட்கள் ஏறலாகாத லிஃப்டு என்ற பெயரில் அவை நம் புதிய கட்டடங்களுக்குள் மீண்டும் நுழைந்திருப்பதைக் காண்கிறோம். நம் பிள்ளைகள் அவ்வழக்கத்தை ஏற்றுக்கொள்ளாதிருப்பதே நாம் அவர்களுக்குத் தரும் சிறந்த சீதனம்.

வீடு வாங்கிக் குடிபுகுந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். மாதாந்திரப் பராமரிப்புப் பணத்தை அபராதம் போல் எண்ணாமல் முதல் வாரத்திலேயே செலுத்துங்கள். சங்கக் கூட்டத்துக்கு, "நேரமில்லை" என்று சொல்லாமல், குடும்பத்தில் ஒருவரேனும் செல்லுங்கள். மேல்வீட்டுக் குழாய் ஒழுகினால் வழக்குக்கு முன் ஒரு குவளைக் காப்பியோடு பேசிப் பாருங்கள். மூன்றாம் மாடியில் தனித்திருக்கும் முதியவரின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் அவர் கதவு திறக்கவில்லையாயின் தட்டுங்கள். ஊரில் அடுத்த வீட்டாருக்கு நாம் செய்வதெல்லாம் இவைதாமே! சுவர் ஒட்டி வாழும் இடத்தில் அவை இன்னும் கட்டாயமாகின்றன.

மேற்கே மலையில் மழை தொடங்குமுன் ஏலத்தோட்ட ஸ்டோர்களின் தகரத்தை ஏறிப் பார்த்து ஆணி அடிப்பது நம்மவரின் பழக்கம். ஒரு துளி ஒழுகினாலும் காய் நிறம் கெடும், விலை போகாது என்பதை அவர்கள் அறிவர். தம் தலைக்கு மேலுள்ள பொதுக் கூரையையும் அதே அக்கறையோடு ஆண்டுக்கொரு முறை ஏறிப் பார்க்கும் குடும்பங்கள் எங்கும் பெருகட்டும். அடுத்த மாதம் சந்திப்போம்.